நாலாவது வரிக்குக் கீழே

ஜெரோம் வாத்தியார் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடி போட்டிருந்தார். அதில் பவர் கிடையாது. முதல் கண்ணாடியை இருபது வயதில், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் வாங்கினார். அது உடைந்ததும் இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று இதுவரை ஆறு. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் பவர் எவ்வளவு என்று கேட்பார். "தூசிக்குத்தாங்க, சும்மா போட்டுக் குடுங்க" என்பார் ஜெரோம்.

ஆவூருக்குத் தெற்கே இருக்கும் அவருடைய ஊரில் இது யாருக்கும் தெரியாது. கண் மட்டும் நன்றாக இருந்திருந்தால் ஜெரோம் இந்நேரம் பட்டாளத்தில் சுபேதாராகி ரிட்டையர் ஆகியிருப்பார் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது எல்லோருக்குமே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கும்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை நடந்தபோது ஜெரோம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மாதா கோயில் இளைஞர் மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். மைக்கைக் கையில் கொடுத்தால் விடமாட்டான். தினமும் பேப்பரில் மலையும் பீரங்கியும் படம் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கூட்டம் போட்டு, அரை மணி நேரம் பேசினான். எங்களையும் சண்டைக்கு அனுப்புங்கள் என்று டெல்லிக்கு ஒரு கடிதம். அதில் ஊசியால் கட்டைவிரலைக் குத்தி ரத்தத்தில் கையெழுத்து. முதல் கையெழுத்து ஜெரோம் போட்டான். அவன் போட்டதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். மாதா கோயில் பையன்கள் மட்டும் என்றில்லை, தெற்குத் தெருப் பையன்களும்தான். மொத்தம் எட்டுப் பேர்.

கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் குணசேகரன். தெற்குத் தெரு சோலையப்பன் மகன். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். ஏழு வயது மூத்தவளான அக்கா முத்துமாரியம்மாள்தான் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள். ஜெரோமும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் முடித்துவிட்டு, அறந்தாங்கியில் ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு மஸ்கட் விசாவுக்குக் காத்திருந்தான்.

"என்னடா, நீ வரலையா?" என்றான் ஜெரோம்.

"எனக்கு விசா வந்துரும்டா. அக்கா எல்லாம் ஏற்பாடு பண்ணிருச்சு."

"இங்கிட்டு ஊரே சண்டைக்குக் கெளம்புது. நீ அங்கிட்டு ஷேக்கு வீட்டு கேட்டுக்கு வெல்டிங் வைக்கப் போறியாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். குணசேகரனும் சேர்ந்து சிரித்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். வந்து ஊசியை வாங்கிக்கொண்டான். அவன் ஒன்பதாவது.

மாவட்டச் செய்திப் பக்கத்தில் படம் வந்தது. நடுவில் ஜெரோம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பான். குணசேகரன் ஓரத்தில், பாதி முகம்தான் தெரியும்.

டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்துத் திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ரத்தத்தில் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரில் விடியற்காலை பஸ்ஸுக்கு வந்தவர்கள் நான்கு பேர். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்குப் பரீட்சை, ஒருவனுக்கு அத்தை வீட்டில் விசேஷம். மற்ற இருவரும் காரணம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் ஜெரோம் அவர்களைக் கேலி பேசிக்கொண்டே வந்தான்.

திருச்சியில் திருவிழாக் கூட்டம். முதலில் ஓட்டம். இரண்டு பேர் அதிலேயே கழிந்தார்கள். குணசேகரன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடி, முன்னால் வந்தவர்களில் ஒருவனாக நின்றான். ஜெரோமும் தேறிவிட்டான். கம்பியில் தொங்கச் சொன்னார்கள், பள்ளம் தாண்டச் சொன்னார்கள். உயரம், எடை, மார்பளவு எல்லாம் எடுத்தார்கள். பிறகு ஜட்டியோடு வரிசையில் நிறுத்தி, மார்பில் மையால் எண் எழுதினார்கள். ஜெரோமுக்கு இருநூற்றுப் பதினான்கு. அவனுக்குப் பின்னால் நின்ற குணசேகரனுக்கு இருநூற்றுப் பதினைந்து.

அதுவரைக்கும் ஜெரோமுக்கு எல்லாமே பள்ளிக்கூட விளையாட்டு விழா மாதிரிதான் இருந்தது. மருத்துவச் சோதனைக்கு வரிசை மெல்ல நகர்ந்தது. வெயில் ஏறியது. முன்னால் நின்ற ஒருவன் தலைக்கு மறைப்பாகப் பிடித்திருந்த பேப்பரில் ஒரு படம். கொடி போர்த்திய பெட்டி. அதன் மேல் ஒரு வயசாளியின் கை. முகம் படத்தில் இல்லை, கை மட்டும்தான். ஜெரோம் அதிலிருந்து பார்வையை எடுத்துக் கீழே குனிந்தான். தன் மார்பிலிருந்த எண் தலைகீழாகத் தெரிந்தது. முகம் சிதைந்து போனாலும் இதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ வந்தது. வந்தது போகவில்லை. முழங்கால் ஆட ஆரம்பித்தது. எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் காலை மாற்றி மாற்றி வைத்தான்.

உள்ளே வடக்கத்தி டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, திருநெல்வேலிப் பேச்சுப் பேசும் ஒரு ஹவில்தார். சுவரில் எழுத்துப் பலகை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். ஜெரோம் நாலாவது வரிவரை படித்தான். அதற்குக் கீழே இருந்த வரிகளும் அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தன. கடைசி வரியின் எழுத்துகளை இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்.

"தெரியலைங்க" என்றான்.

அடுத்த கண்ணைப் பொத்தச் சொன்னார்கள். அதிலும் நாலாவது வரியோடு நிறுத்தினான். டாக்டர் எழுந்து வந்து, சின்ன விளக்கை அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். விளக்கை அணைத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஹவில்தாரிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

"வீட்டுக்குப் போலே" என்றார் ஹவில்தார். திட்டவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காத குரலில் சொன்னார். அந்தத் தாழ்ந்த குரல்தான் ஜெரோமுக்கு வாழ்நாள் முழுக்கக் காதில் நின்றது.

வெளியே வந்தால், அடுத்த ஆளாக குணசேகரன் நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா கேக்குறாங்க உள்ள?"

"எழுத்துப் படிக்கச் சொல்றாங்க. எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறாம்டா. வேணாம்னுட்டாங்க."

குணசேகரனுக்கு முகம் செத்துப்போனது. "நீ இல்லாம நான் மட்டும் எப்படிடா போறது?" என்றான். உள்ளேயிருந்து எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினான். "போகவாடா?" என்று கேட்டான்.

"போடா" என்றான் ஜெரோம்.

குணசேகரன் எல்லா வரியையும் படித்தான்.

அவன் பயிற்சிக்குப் போன மறுமாதம் மஸ்கட் விசா வந்தது. முத்துமாரியம்மாள் அறந்தாங்கிக்குப் போய் ஏஜெண்டிடம் விஷயத்தைச் சொல்லி, பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவந்தாள். ஜெரோமை அவன் அம்மா சூசைமேரி, கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். டாக்டர் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் தானே போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, கண்ணாடியோடு திரும்பிவந்தான். குணசேகரன் மாதம் ஒரு கடிதம் போடுவான். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில், கண் எப்படி இருக்கிறது, இங்கே ஒரு டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், சரிசெய்யக்கூடியதுதான் என்கிறார் என்று இரண்டு வரி இருக்கும்.

இரண்டாயிரத்து இரண்டு தொடக்கத்தில் எல்லையில் மறுபடியும் படைகள் நின்றன. சண்டை வரவில்லை. ஆனால் வரும் என்று மைல் கணக்கில் கண்ணிவெடி புதைத்தார்கள். புதைக்கும் வேலையில் ஒன்று வெடித்தது. குணசேகரனுக்கு இருபத்திரண்டு வயது.

பெட்டி ஊருக்கு வந்த அன்று தெற்குத் தெருவில் நிற்க இடமில்லை. ஜெரோம் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டான். முத்துமாரியம்மாள் எப்படியோ அவனைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானடா போனீங்க. ஒன்னையாவது சாமி கண்ணக் கெடுத்து எனக்கு விட்டுவச்சிருக்கு" என்று அழுதாள்.

அந்த வாரம் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். அதற்குப் பிறகு அதைக் கழற்ற முடியவில்லை.

பின்னால் ஜெரோம் பி.எட். முடித்து, குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பிரின்சியைக் கல்யாணம் செய்தார். ஒரு மகள், பிளெஸ்ஸி, இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். தம்பி இறந்ததற்காக முத்துமாரியம்மாளுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கொடுத்தார்கள். சில வருஷம் வேறு ஊரில் இருந்துவிட்டு ஜெரோமின் பள்ளிக்கே மாறுதலாகி வந்தாள். இனிமேல் தினமும் அவள் முகத்தில் விழிக்க வேண்டும் என்று தெரிந்த அன்று ஜெரோம் தலைமையாசிரியரிடம் போய்த் தனக்கு வேறு பள்ளி கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை.

முத்துமாரிக்குத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து, வாரத்தில் இரண்டு நாள் தன் வீட்டிலிருந்து கூட்டு வைத்து எடுத்துவருவாள். சின்ன எவர்சில்வர் டப்பா. மத்தியானம் வகுப்பு வாசலில் நின்று, "கண்ணு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்பாள். ஜெரோம் வாங்கிக்கொள்வார். பதினைந்து வருஷம் அந்தக் கீரையைச் சாப்பிட்டார்.

ஆனால் இதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அவர் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் பள்ளியில் குணசேகரன் படத்துக்கு மாலை போட்டு, அவர்தான் பேசுவார். முதல் வருஷம் முடியாது என்றுதான் சொன்னார். முத்துமாரி, "நீ பேசலேன்னா வேற யாருக்கு அவனத் தெரியும்?" என்றாள். பேசினார். பேச்சு அவருக்குக் கூடிவந்த கலை. வெறுங்காலோடு ஓடிய கதை, எழுத்தெல்லாம் படித்த கதை. கடைசியில், "எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை" என்று ஒரு வரி. அந்த வரியில் குரல் தானாக உடையும். பிள்ளைகள் அழுவார்கள். வீட்டுக்கு வந்து, அந்தக் குரல் உடைந்தது நிஜமா நடிப்பா என்று தனக்கே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

முன்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் ரெங்கராஜ். முத்துமாரியின் ஒரே மகன், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவன். அவனுடைய அப்பா வீரய்யா போர்வெல் வண்டியோடு வெளிமாநிலங்களில் இருப்பவர், வருஷத்தில் இரண்டு முறைதான் வருவார். பையனுக்கு ஜெரோம்தான் மாமா. வாத்தியாரும் அவர்தான்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மே மாதம். பள்ளிக்கூடம் லீவு. டி.வி.யில் எந்நேரமும் விமானச் சத்தமும் சைரனும். மறுபடியும் சண்டை. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு முத்துமாரியம்மாள் ஸ்கூட்டியை ஜெரோம் வீட்டு வாசலில் நிறுத்தினாள். நிறுத்தின வேகத்தில் ஸ்டாண்டு சரியாக விழாமல் வண்டி சாய்ந்தது. அதைத் தூக்கி வைக்காமலே உள்ளே வந்தாள்.

"ஒன் மருமகன் பண்ற கூத்தப் பாத்தியா?" என்றாள்.

"என்னக்கா?"

"பத்துப் பேரச் சேத்துக்கிட்டு நிக்கிறான். நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல போயி பேரு குடுக்கப் போறாங்களாம், சண்டைக்குப் போறோம்னு. எந்தம்பி படத்தப் போட்டு பிளக்ஸ் அடிச்சு வச்சிருக்கான். காலேஜ் கடைசி வருசம். சாப்புடுறதில்ல, எந்நேரமும் போனு. எனக்கு இன்னொன்னு தாங்காது ஜெரோமு."

பிரின்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முத்துமாரி சொம்பை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ வந்து சொல்லு. ஒன் பேச்சுன்னா கேப்பான். வருசா வருசம் பேசி நீதான் ஏத்திவிட்ட. நீதான் எறக்கிவிடணும்."

"நான் என்னக்கா சொல்றது?"

"போக முடியலையேன்னு இத்தன வருசமா ஏங்குற ஆளு நீ. நீயே வேணாம்னு சொன்னா அவனுக்கு ஒறைக்கும்."

ஜெரோம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போய், படிப்பை முடி, அம்மாவைப் பார், என்று நான்கு வார்த்தை பேசிவிட்டு வரலாம். அது அவருக்கு வரும். எத்தனையோ மேடை பார்த்தவர். ஆனால் வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"அக்கா, எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல" என்றார்.

முத்துமாரிக்குப் புரியவில்லை. "சரியாயிருச்சா?" என்றாள்.

"எப்பவுமே இல்ல. அன்னைக்குத் திருச்சில எல்லா எழுத்தும் தெரிஞ்சுச்சு. பயந்துபோயித் தெரியலேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. சமையலறையில் பிரின்சி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. முத்துமாரி சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். திட்டுவாள், எழுந்து அடிப்பாள் என்றுகூட அவர் எதிர்பார்த்தார்.

"குணா எங்க நின்னான் அப்ப?" என்று கேட்டாள்.

"எனக்கு அடுத்து."

"நீ வெளிய வரும்போது அவன் உள்ள போகலையா?"

"இல்லக்கா. வாசல்ல நின்னான். என்ன கேக்குறாங்கன்னு கேட்டான். போகவாடான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

அவள் காத்திருந்தாள். விடவில்லை.

"போடான்னேன்."

"பயந்தது தப்பில்லடா" என்றாள் முத்துமாரி. குரல் உயரவில்லை. "இருவது வயசுப் புள்ள பயப்படத்தான் செய்யும். நீ தப்பிச்சியே, அந்த வழிய அவங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல? அவன் ஒன்ன மாதிரி வாய்ப்பேச்சுக்காரன் இல்ல. நீ போனன்னுதான் அவனும் போனான். நீ வேணாம்னா திரும்பி வந்துருப்பான். அதச் சொல்றதுக்கு ஒனக்கு என்னடா கேடு?"

வெட்கமாக இருந்தது என்பதுதான் பதில். தான் பயந்ததை ஒருத்தனுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, அந்த ஒருத்தனை உள்ளே அனுப்பிவிட்டார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அவள் முன்னால் கழற்றவும் கூசியது.

முத்துமாரி எழுந்தாள். "வா" என்றாள். "எங்கிட்ட சொன்னத அவங்கிட்ட வந்து சொல்லு."

தெற்குத் தெரு வரைக்கும் அவர் நடந்துதான் போனார். அவள் ஸ்கூட்டியில் முன்னால் போய்விட்டாள். முத்துமாரி வீட்டு முற்றத்தில் ஐந்தாறு பையன்கள் பிளக்ஸைச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் குணசேகரன் யூனிபார்மில் சிரித்தான். அவரைப் பார்த்ததும் ரெங்கராஜ் ஓடிவந்தான்.

"மாமா, நானே கூப்புட வரணும்னு இருந்தேன். நீங்கதான் எங்களக் கூட்டிட்டுப் போகணும். ஒங்களுக்குத்தான் கலெக்டர் ஆபீஸ்ல பேசத் தெரியும்."

ஜெரோம் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். இந்த முறை பேச்சு கூடிவரவில்லை. தட்டித் தடுமாறி, முன்னே பின்னே மாற்றிச் சொன்னார். ரத்தத்தில் கையெழுத்து வாங்கியது, விசாவைக் கேலி செய்தது, நாலாவது வரி, "போடா" என்று சொன்னது எல்லாவற்றையும். ஒரு பையன் பாதியில் சுத்தியலைக் கீழே வைத்தான். இன்னொருவன் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் படம் எடுக்கிறான் என்பது ஜெரோமுக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை.

ரெங்கராஜ் அசையாமல் கேட்டான்.

"அப்ப ஆகஸ்ட் பதினஞ்சுக்குப் பேசினதெல்லாம்?" என்றான்.

"அவனப் பத்திச் சொன்னது எல்லாம் நெசம். என்னப் பத்திச் சொன்னதுதான் பொய்."

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க சார்? பயந்தா ஓடிறணும்னா?"

மாமா போய் சார் வந்துவிட்டது. ஜெரோமுக்கு அது சுருக்கென்று தைத்தது. "ஒருத்தன் கூப்புட்டான்னு போகாதே. ஒருத்தன் சிரிச்சான்னு போகாதே. அவ்வளவுதான்" என்றார்.

"என்ன யாரும் கூப்புடல. நான் ஒங்கள மாதிரி ஆளும் இல்ல" என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் உள்ளே போய்விட்டான். முத்துமாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெரோமைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது பிரின்சி வாசலில் இருந்தாள்.

"கண்ணாடில பவர் இல்லேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "கல்யாணமான வருசமே தெரியும். போட்டுப் பாத்தேன். என்னமோ ஸ்டைலுக்குப் போடுறீங்கன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேக்கல."

அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று அவர் யோசித்துப் பார்த்தார். சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டு நாளில் சண்டை நின்றுவிட்டது. பையன்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போகவில்லை. ஆனால் அந்தப் போன் வீடியோ ஊர்க் குரூப்புக்குப் போய், அங்கிருந்து பள்ளிக் குரூப்புக்கும் போய்விட்டது. டீக்கடை அடைக்கலம் ஒருநாள், தூரத்தில் வந்த டவுன் பஸ்ஸைக் காட்டி, "சார், போர்டுல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளருக்குள் சிரித்தார்கள். ஜெரோம் பஸ்ஸைப் பார்த்து, "கீரனூர்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். தினமும் போனார். ஒவ்வொரு நாளும் காது சூடாகும். கண்ணாடியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தார். முகம் வெறிச்சோடிக் கிடப்பது போல இருந்தது, ஆட்களின் பார்வை நேராக உள்ளே வந்து விழுந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. முத்துமாரி அவரிடம் பேசவில்லை. எத்தனை பிள்ளைகள் சாப்பாட்டுக்கு என்று கேட்க சமையல்காரம்மாவை அனுப்புவாள். பொன்னாங்கண்ணி டப்பா வரவில்லை. ஆகஸ்ட் பதினைந்தன்று கணக்கு டீச்சர் எழுதிவைத்ததை இரண்டு நிமிஷம் படித்தார். ஜெரோம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையின் கடைசியில் வெயிலில் நின்றார். பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர்களுடைய பார்வைக்குத்தான் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ரெங்கராஜ் யாரிடமும் சொல்லாமல் அக்னிவீருக்கு எழுதியிருந்தான். பரீட்சை தேறி, ஓட்டம் தேறி, மருத்துவமும் தேறிவிட்டான். இதையெல்லாம் ஜெரோம் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டார். மார்கழிக் கடைசியில் பயிற்சிக்குப் போக உத்தரவு வந்தது. கிளம்புகிற அன்று முற்பகல், முத்துமாரி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு.

"மூணு மணிக்குத் திருச்சில ரயிலு. இவங்க அப்பா வண்டி ஒரிசாவுல கெடக்கு. அந்த பிளாட்பாரத்துல என்னால ஒத்தையா நிக்க முடியாது. நீ வா" என்றாள். மன்னித்தேன் என்ற குரல் இல்லை அது. வேறு ஆள் இல்லாத குரல்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திருச்சி ஜங்ஷனில் அவனைப் போலவே முடியை ஒட்ட வெட்டிய பையன்கள் நாலைந்து பேர், குடும்பம் குடும்பமாக நின்றார்கள். முத்துமாரி தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் வாங்கக் கடைப் பக்கம் போனாள். ரெங்கராஜ் தண்டவாளத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"சார், அன்னைக்கு லைன்ல நின்னப்ப எப்படி இருந்துச்சு ஒங்களுக்கு?"

"முழங்கால் ஆடுச்சு. எச்சில் முழுங்க முடியல."

"எனக்கு நேத்துலேருந்து அப்படித்தான் இருக்கு" என்றான் ரெங்கராஜ். "யார்ட்டயும் சொல்லல."

தன்னிடம் மட்டும் இதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமில்லாமல் போனது ஏன் என்று ஜெரோமுக்குத் தெரிந்தது. தன்னைவிடக் கீழே இறங்கிய ஒருவனிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

"போக வேணாம்னு நெனச்சா இப்பவே திரும்பிறலாம்" என்றார். "ஒங்கம்மாகிட்டயும் ஊருக்கும் நான் சொல்லிக்கிறேன். என்னச் சிரிக்கிற வாயி இன்னும் கொஞ்சம் சிரிச்சுட்டுப் போகுது. எனக்குப் பழக்கம்தான்."

ரெங்கராஜ் நிஜமாகவே யோசித்தான். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டான்.

"போறேன் சார். பயத்தோடயே போறேன்."

முத்துமாரி வந்தாள். ரயிலும் வந்தது. அவள் அழாமல் அனுப்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முன்சீட்டில் பெண்களோடு உட்கார்ந்தாள், அவர் பின்னால் உட்கார்ந்தார். ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. முத்துமாரி நாலு எட்டு நடந்துவிட்டு நின்றாள்.

"நான் பழம் வாங்கப் போனப்ப அவன் ஒங்கிட்ட என்னமோ பேசினான். என்ன சொன்னான்?"

ஒண்ணுமில்லக்கா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்னான், என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று ஜெரோமுக்கே அருவருப்பாக இருந்தது.

"பயமா இருக்குன்னான்" என்றார். "திரும்பிறலாமான்னு கேட்டேன். யோசிச்சுட்டு, போறேன்னான்."

முத்துமாரியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குத் தலை குனிந்தது.

"கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்க்கா."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெற்குத் தெருப் பக்கம் நடந்தாள். அவள் போய்ச் சேரும் வரை ஜெரோம் நிறுத்தத்திலேயே நின்றிருந்துவிட்டு, பிறகு தன் வீட்டுக்குப் போனார்.